ஓணான் கரட்டு அரளி

காலை மடக்க வேண்டாம் தம்பி, இப்படியே நீட்டி வெச்சுக்குங்க. மூட்டை மேல லேசா பட்டா ஒண்ணும் ஆகாது. ஏறி மிதிச்சாத்தான் நசுங்கும். உள்ள மொட்டு. அரளி மொட்டு. கண்டக்டர் தெனமும் படிக்கட்டுகிட்ட போடச் சொல்றான். அங்க போட்டா ஏறுறவன் எறங்குறவன் எல்லாம் முட்டியால இடிச்சுக்கிட்டுப் போவான். அதான் கண்ணு முன்னாலயே வெச்சுக்கறது. சேலம் போற வரைக்கும் இதைப் பாத்துக்கிட்டே வரணும். என்ன பண்றது, இந்த வயசுல எனக்கு வாய்ச்ச வேலை இதுதான்.

எனக்குச் சொந்தமான்னு கேட்டா, இல்லைங்க. என் தம்பி சம்சாரத்தோடது. அவ காட்டுல வெளையுது, நான் மார்க்கெட்டுக்குக் கொண்டு போறேன். நான் இல்லேன்னா அவளுக்கு ஓடாது. அது ஒரு பெரிய கதை. தூக்கம் வருதுன்னா சொல்லிடுங்க, நிறுத்திக்கறேன்.

எங்கப்பாவுக்கு நாங்க ரெண்டு பேர். நான் அங்கமுத்து, மூத்தவன். சின்னவன் வையாபுரி. அவன் போர்வெல் லாரியில வேலைக்குப் போனான். இங்க இல்ல, வடக்க, மத்தியப் பிரதேசம் அந்தப் பக்கம். பொங்கலுக்கு வருவான், கறுத்துப்போய் வருவான், வந்ததும் எங்கிட்டதான் ஓடி வருவான். ஒரு தடவை அங்கேயே இரும்புக் குழாய் சரிஞ்சு மேல விழுந்துடுச்சு. பெட்டியில வெச்சுக் கொண்டாந்தாங்க. நான்தான் எல்லாம் செஞ்சேன். மூத்தவன் இருக்கறப்ப சின்னவனுக்குச் செய்யறது இருக்கே, அதை எந்த எதிரிக்கும் நினைக்கக் கூடாது தம்பி. அதுக்கப்புறம் எனக்கு எதுலயும் பெருசா ருசி இல்ல.

அவன் சம்சாரம் பேரு பாவாயி. கையில ஒரு பொம்பளப் புள்ளை. காரியம் முடிஞ்சு பந்தல் பிரிக்கறாங்க, வந்து நிக்கறா. "மாமா, நெலத்துல எங்க பங்கைப் பிரிச்சுக் குடுத்துருங்க"ங்கறா. எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. "ஏம்மா, நீ ஒத்தையில வெள்ளாமை பாப்பியா? எல்லாம் ஒண்ணாவே இருக்கட்டும், வெளையறதுல உனக்குக் குடுக்கறேன்"னு சொன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "இல்லைங்க மாமா, புள்ளை பேர்ல ஒரு இடம் இருந்தாத் தேவலை"ன்னுட்டா. சரி, தனியாப் போகணும்னு முடிவு பண்ணிட்டா, நாம என்ன சொல்றது.

எங்க நெலம் ரெண்டு தினுசு. கீழ இருக்கறது கிணத்துப் பூமி. நல்ல மண்ணு, புடிச்சா கையில ஒட்டும். வாழை போட்டிருந்தேன். மேல இருக்கறது கரடு. சின்னதா ஒரு குன்னு, அதோட சரிவு. ஓணான் கரடுன்னு பேரு, ஓணானைத் தவிர வேற எதுவும் அங்க குடியிருக்காது. சரளைன்னா அப்படி ஒரு சரளை. மம்பட்டி போட்டா நெருப்புப் பறக்கும். மழை பேஞ்சா அப்பவே உள்ள எறங்கிடும், மக்கா நாள் பாத்தா பேஞ்ச தடமே இருக்காது. ரோடு போடறதுக்கு அங்கிருந்துதான் லாரியில அள்ளிக்கிட்டுப் போவாங்க.

கீழ்க்காட்டை நான் வெச்சுக்கிட்டேன். ஏன்னா கிணறு, மோட்டர், வாழை எல்லாத்தையும் பாத்துக்க ஒரு ஆம்பளை வேணுமில்ல. கரடு முழுசையும் அவளுக்கே விட்டுட்டேன். அளவு பாத்தா அவளுக்குத்தான் ஜாஸ்தி தம்பி. சர்வேயர் வந்து அளந்துட்டு, "தம்பி சம்சாரத்துக்குத் தாராளமாத்தான் குடுத்திருக்கீங்க"ன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார். நல்ல மனுசன், சிரிச்ச முகம். பாவாயி ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. "சரிங்க மாமா"ன்னா. மனசுல குறை இருந்திருந்தா சொல்லியிருப்பா இல்ல?

பகல்ல தறிப்பட்டறைக்குப் போவா. சாயங்காலம் வந்து கடப்பாரையைத் தூக்கிக்கிட்டுக் கரட்டுல ஏறிடுவா. மொதல்ல கனகாம்பரம் வெச்சா. வெயில்ல வறுத்த மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் சாமந்தி. தப்பிச்ச நாலு செடியையும் ஊர் ஆடு மேஞ்சுடுச்சு. டீக்கடையில எல்லாரும் அவளைப் பத்தித்தான் பேச்சு. நானும் ஏதோ ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். கேலிக்கு இல்ல, ஒரு வருத்தத்துல.

கரட்டு உச்சியில ஒரு முனியப்பன் இருக்கார். பக்கத்துல ஒரு செவ்வரளி. யாரும் தண்ணி ஊத்தறதில்ல, உரம் வெக்கறதில்ல. பாறை இடுக்குல நின்னுக்கிட்டு வருசம் பூரா பூத்துக்கிட்டிருக்கும். பால்ல விசமுங்கறதால ஆடு மாடு வாய் வெக்காது. பாவாயி ஒரு நாள் அதுலருந்து குச்சி வெட்டிக்கிட்டு வந்தா. ஈரச் சாக்குல சுத்தி நெழல்ல வெச்சிருந்து, மழைக்கு முன்னால கரடு பூரா குழி எடுத்து நட்டா. குழின்னா என்ன, கல்லை நெம்பி எடுத்துட்டு, ஏரி வண்டலை ஒரு கூடை போட்டு, குச்சியைச் சொருகறது. கையெல்லாம் கொப்புளம். அந்தக் கையோடதான் மக்கா நாள் தறிக்குப் போவா.

அந்த வருசம் மழை ஏமாத்திடுச்சு. ஒரு சாயங்காலம் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா.

"மாமா, நீங்க மோட்டர் போடறப்ப ஒரு ஓஸ் மேல இழுத்துக்கட்டுமா? குச்சி புடிக்கற வரைக்கும் போதுங்க."

"ஏம்மா, பாகம் பிரிச்சாச்சு. இனிமே நீ என் தண்ணியப் பாய்ச்சுனா ஊர் என்ன பேசும்? நாளைக்கு உனக்குத்தான் ஒரு பேர் வந்துடும்"னேன்.

அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். புருசன் இல்லாத பொம்பளை, யார் தயவுலயும் இருக்கக் கூடாதுன்னு. புரிஞ்சுக்கிட்டா. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. கரட்டு அடியில பஞ்சாயத்துக் குழாய் இருக்கு. அங்கிருந்து குடத்துல தூக்கிக்கிட்டு ஏறுவா. புள்ளை ஒரு சொம்பைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே போகும். அந்தக் கோடையில எங்க வீட்டுலயும் தண்ணிக்குச் சிரமம்தான். அண்டாவை ரொப்பி வெச்சுட்டுப் போவேன், சாயங்காலம் வந்தாக் காலியா இருக்கும். என் சம்சாரம் நல்லம்மாகிட்ட கேட்டா, "துணி நெறைய இருந்துச்சு"ம்பா. எங்க ரெண்டு பேர் துணிக்கு அவ்வளவு தண்ணி. பொம்பளைங்களுக்குச் சிக்கனம் தெரியாது தம்பி.

செடி புடிச்சுருச்சு. அது எப்படிப் புடிச்சதுன்னு இன்னி வரைக்கும் எனக்கு ஆச்சரியம். மொதல்ல இலை. அப்புறம் அங்கொண்ணு இங்கொண்ணு மொட்டு. பொறவு ஒரு ஆடி மாசம் நான் கீழருந்து நிமிந்து பாக்கறேன், கரடு செவேல்னு இருக்கு. ரோட்டுல போறவங்க வண்டிய நிறுத்திப் போட்டோ எடுக்கறாங்க. அம்மன் கோயில் சீசன், அரளிக்கு நல்ல கிராக்கி. தறிக்குப் போறதை விட்டுட்டா. நாலு பொம்பளைங்களை மொட்டு பறிக்கக் கூப்பிட்டுக்கிட்டா. புள்ளை வளந்ததும் நர்சிங் படிக்க அனுப்பிட்டா. எனக்குப் பெருமைதான். நான் குடுத்த இடம் இல்லையா அது?

என் கதை கீழ எறங்கிடுச்சு. கிணறு வத்திப்போச்சு. வாழை பாதித் தாரோட சாஞ்சுது. போர் போடலாம்னு லாரியை வரச் சொன்னேன். அது வந்து நின்னு, அந்தச் சத்தம் ஆரம்பிச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. என் தம்பி அந்தச் சத்தத்துலதானே நாளெல்லாம் நின்னிருப்பான். வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துட்டேன். வெளிய வந்து பாத்தா வாழைத் தோட்டம் பூரா வெள்ளைத் தூசி. தண்ணி கையளவுதான் வந்துச்சு.

சரி, அரளிதானே, நாமளும் வெப்போம்னு முடிவு பண்ணேன். கல்லுலயே அப்படி வருதுன்னா நம்ம மண்ணுல எப்படி வரும்? குச்சி அவ காட்டுலதான் வெட்டிக்கிட்டேன். கேக்கல. குடும்பத்துக்குள்ள என்ன கேக்கறது. அவ பாத்துட்டா. மக்கா நாள் காலையில கதவைத் திறக்கறேன், நல்ல குச்சியாப் பொறுக்கிக் கட்டு கட்டி வாசல்ல வெச்சிருக்கு.

நட்டேன். தொழு உரம் போட்டேன், யூரியா போட்டேன், போர்ல வந்த தண்ணி அத்தனையும் அதுக்கே விட்டேன். ஆள் ஒசரத்துக்கு வந்துச்சு தம்பி. பச்சைப்பசேல்னு, தழை அப்படி மின்னும். மொட்டு மட்டும் இல்ல. பாவாயி ஒரு நாள் வரப்புல நின்னு பாத்துட்டு, "மாமா, இதுக்கு இவ்வளவு சாப்பாடு ஆகாதுங்க. தண்ணிய நிறுத்திப் பாருங்க. கொஞ்சம் காயட்டும்"னா. எனக்குக் கோவம். நாப்பது வருசமா மண்ணுல கெடக்கறவன்கிட்ட தண்ணிய நிறுத்துன்னு சொல்றா. இன்னும் ரெண்டு மடங்கு விட்டேன். அந்த ஐப்பசியில வெச்சு வாங்குச்சு மழை. அவ கரட்டுல சர்ருனு எறங்கி ஓடிடுச்சு. எங்கிட்ட நின்னுக்கிச்சு. வேரெல்லாம் அழுகிப்போச்சு. புடுங்குனா கையோட வந்துடும், ஒரு நாத்தம். அந்த வருசம் காலநேரம் சரியில்ல, வேற என்ன.

அதுக்கப்புறம் காடு சும்மாதான் கெடக்கு. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். இங்க வாப்பான்னான். அங்க போய் ஒத்தை ரூம்ல என்ன பண்றது. கட்டில்ல உக்காந்தே இருப்பேன். எந்திரிச்சு எங்க போறதுன்னு தெரியாது. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட அலுப்பா இருக்கும். 

அப்பத்தான் நல்லம்மா விடியக்காலையில எங்கயோ போக ஆரம்பிச்சா. கேட்டா கோயில்ம்பா. செவ்வாய் வெள்ளின்னா சரி. தெனமுமா கோயில்? ஒரு நாள் சோறு போடறப்ப வெரலைப் பாத்தேன். நுனியெல்லாம் கறுத்து, பிசுபிசுன்னு இருக்கு. அரளிப் பால் பட்டா அப்படித்தான் ஆகும். மக்கா நாள் அவ பின்னாலயே கரட்டுல ஏறுனேன். குச்சி வெட்டுன ஒரு நாளைத் தவிர, பாகம் பிரிச்சதுக்கப்புறம் அன்னிக்குத்தான் அதுல காலை வெக்கறேன்.

பாத்தா, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, மடியில மொட்டை ரொப்பிக்கிட்டு நிக்கறா. மூத்தவன் பொண்டாட்டி, எளையவ காட்டுல கூலிக்கு.

"வீட்டுக்கு வா"ன்னேன்.

நல்லம்மா திரும்பிக்கூடப் பாக்கல. "இந்த வரிசையை முடிச்சுட்டு வர்றேன், நீ போ"ன்னா.

பாவாயி ஓடி வந்தா. "அக்கா கூலிக்கு வரலைங்க மாமா. ஒத்தாசைக்கு வர்றாங்க. நான்தான் கூப்பிட்டேன்"னா.

"பொய் சொல்லாத பாவாயி"ன்னா நல்லம்மா. "நானாத்தான் வந்தேன். ஒலை வெக்க அரிசி வேணும்னுதான் வந்தேன். அவருக்கு எதுக்கு மறைக்கணும்?"

முப்பது வருசத்துல அவ என்னை எதுத்துப் பேசினது அன்னிக்குத்தான். கத்தியெல்லாம் சொல்லல. கறிகாய் விலை சொல்ற மாதிரிதான் சொன்னா. சொல்லிட்டு அடுத்த செடிக்குப் போயிட்டா. அங்கேயே ஒரு கல்லு மேல உக்காந்துட்டேன். மத்த பொம்பளைங்க எல்லாம் பேச்சை நிறுத்திட்டுப் பறிக்கறாங்க. வெயில் ஏறிடுச்சு. எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல.

பாவாயி ஒரு சொம்பு மோர் கொண்டாந்து குடுத்தா. குடிச்சேன். சொம்பைத் திருப்பி வாங்கிக்கிட்டா. அப்புறம் மெதுவா, "மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், எப்படிக் கேக்கறதுன்னு தெரியல"ன்னா.

"கேளு."

"தெனமும் ஒரு மூட்டை டவுனுக்கு ஆள் மூலமா அனுப்பணுங்க. நல்ல மொட்டாப் பாத்துத் தனியா எடுக்கறது. யாரை நம்பிக் குடுக்கறதுன்னு தெரியல. நீங்க போனா எனக்குக் கவலை இல்ல."

நான் உடனே ஒத்துக்கல. நான் என்ன மூட்டை தூக்கறவனான்னு கேட்டேன். "இல்லைங்க மாமா, அங்க போய் நம்ம ஆளா நிக்கணும். வியாபாரி ஒரு ஆம்பளை வந்தாத்தான் மதிப்பான்"னா. கெஞ்சுனா தம்பி. கெஞ்சுனான்னுதான் சொல்லணும். சரி, என் தம்பிக்குச் செய்யற மாதிரின்னு ஒத்துக்கிட்டேன். நல்லம்மா தூரத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தா. அன்னிக்கு வீட்டுக்கு வந்து ராகிக்களி கிண்டி, கீரை கடைஞ்சு வெச்சா. அது எனக்குப் புடிக்கும்.

அதுலருந்து இந்த பஸ்ஸுதான். காலையில எந்திரிச்சுக் குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவேன். வீட்டுல உக்காந்திருக்க முடியுதா பாருங்க. மார்க்கெட்டுல அந்த வியாபாரி இருக்கானே, அவன் ஒரு அலட்சியக்காரன். நான் மூட்டையைக் கொண்டு போய் வெச்சா, ஓரமா வெக்கச் சொல்லிடுவான். எடை போடவே மாட்டான். "பாவாயம்மா கணக்குல சேத்துக்கறேன், நீங்க உக்காந்து டீ சாப்பிடுங்க பெரியவரே"ம்பான். எல்லாரும் அவனுக்கு டீ வாங்கிக் குடுக்கறாங்க, அவன் எனக்கு வாங்கிக் குடுக்கறான். என் முகத்துக்கு ஒரு மரியாதை இருக்கில்ல.

திரும்பிப் போனதும் பாவாயி வந்துடுவா. "இன்னிக்கு மார்க்கெட் எப்படிங்க மாமா?"ம்பா. அவ கையில போன் இருக்கு, ரேட்டெல்லாம் காலையிலயே அதுல வந்துடுது. இருந்தாலும் என் வாயால கேக்கணும் அவளுக்கு. நான் வெவரமாச் சொல்லுவேன். எந்த ஊர்ப் பூ வந்துச்சு, யார் வாங்குனா, மழைக்கு என்ன ஆகும்னு. நின்னு கேட்டுட்டுத்தான் போவா.

என்ன கேக்கறீங்க? வேனா? வருதுங்களே. எங்க ஊருக்கு மார்க்கெட் வேன் தெனமும் வரும். ஊர் மூட்டை எல்லாம் அதுலதான் போகும். பாவாயி மூட்டையும் அதுலதான் போகும், ஏழோ எட்டோ இருக்கும். அதே வியாபாரி கடைக்குத்தான் போகும். இந்த ஒண்ணு மட்டும் தனி. வேன்ல அடுக்குனா நசுங்கிடும்ல, அதுக்காக. நீங்களும் எங்க ஊர்ப் பசங்க மாதிரியே கேக்கறீங்க. அவனுங்களும் இதையேதான் கேப்பானுங்க. ஒரு மூட்டையைக் கண்ணும் கருத்துமா கொண்டு போறதோட அருமை அவனுங்களுக்கு எங்க தெரியப்போகுது.

சந்தேகமா இருந்தா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. போன மாசம் எனக்குக் காய்ச்சல். எந்திரிக்க முடியல. நல்லம்மா கஞ்சி வெச்சுக் குடுத்துட்டுக் கரட்டுக்குப் போயிட்டா. படுத்துக்கிட்டே இருக்கேன், வேன் வந்து ஆரன் அடிக்கறது கேக்குது. மூட்டை ஏத்தற சத்தம் கேக்குது. போயிடுச்சு. சரி, இன்னிக்கு ஒரு நாள் நம்ம மூட்டையும் அதுலயே போயிருக்கும்னு நினைச்சேன். நினைக்க ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நம்ம இல்லாமயே போயிடுச்சேன்னு.

சாயங்காலம் காய்ச்சல் கொஞ்சம் விட்டுச்சு. போர்வையைப் போத்திக்கிட்டு மெதுவா அவ வீட்டுப் பக்கம் போனேன். போனா, வாசல்ல அந்த மூட்டை. அப்படியே இருக்கு. மேல ஒரு ஈரத்துணி. திறந்து பாத்தா மொட்டெல்லாம் விரிஞ்சு, சூடேறிப் பழுத்துப்போய் கெடக்கு. அரளியை மொட்டாவே குடுத்துடணும் தம்பி. விரிஞ்சா மாலைக்காரன் தொட மாட்டான். ஒரு மூட்டை அப்படியே குப்பைக்கு.

"ஏம்மா, வேன் வந்துச்சே, அதுல ஏத்தியிருக்கக் கூடாதா?"ன்னேன்.

"நீங்க வருவீங்கன்னு வெச்சிருந்தேங்க மாமா"ன்னா.

"எனக்குக் காய்ச்சல்னு அக்கா சொல்லலையா?"

"சொன்னாங்க."

"அப்புறம்?"

அவ அந்த ஈரத்துணியைப் பிழிஞ்சபடி நின்னுக்கிட்டே இருந்தா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். இவ்வளவு வருசம் பூ வியாபாரம் பண்றா, ஒரு மூட்டையை வேன்ல தூக்கிப் போடத் தெரியல. நல்லாத் திட்டிட்டேன். நான் ஒரு நாள் படுத்தா உன் பொழைப்பு இப்படிப் போயிடும்னு தெரியுதான்னு கேட்டேன். "தெரியுதுங்க மாமா"ன்னா. நல்லம்மா அங்கதான் கூடையைக் கழுவிக்கிட்டிருந்தா. சட்டுனு முந்தானையை எடுத்து முகத்துல வெச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. சிரிச்சாளா அழுதாளா, ஒண்ணும் புரியல. பொம்பளைங்களுக்கு ஒரு பொருள் நஷ்டமாப் போனா அதோட கனமே தெரியறதில்ல.

மக்கா நாள் காய்ச்சலோடவே கிளம்பிட்டேன். வேற வழி? அவளை நம்பி விட முடியுங்களா? ஒரு நாள் நிம்மதியாப் படுக்கலாம்னா முடியல. இந்தா, சேலம் வந்துடுச்சு. கொஞ்சம் அந்தப் பக்கம் ஒரு கை குடுங்க தம்பி, மூட்டையைத் தோள்ல ஏத்திக்கறேன். கனமெல்லாம் இல்லைங்க, பயப்படாதீங்க. அவ எப்பவும் எனக்குச் சின்ன மூட்டையாத்தான் கட்டுவா.